வாலில்லாத தேரையும் களைத்துப்போன சிலந்தியும்

பெரும் பள்ளம் ஒன்றால் இரண்டாகப் பிளந்த காடு அது. கோடை வந்தால் இக்கரையில் சொட்டு நீர் இருக்காது. அக்கரையில்தான் சுனை. பள்ளத்தின் மேல் ஒரு கம்பி, கம்பியில் ஒரு தட்டு, அதை இழுக்க ஒரு பொறி. விலங்குகள் அதில் ஏறித்தான் தண்ணீருக்குப் போயின.

பொறிக்குச் சொந்த அறிவு கிடையாது. எழுதிக் கொடுத்த நிரலை வரி பிசகாமல் செய்யும். நிரல் எழுதத் தெரிந்தது பின்னி என்ற சிலந்திக்கு மட்டுமே.

"அணிலைத் தட்டில் ஏற்று. நடுப்பள்ளம் வரை போ. காற்று அடித்தால் அணிலின் வாலைப் பிடித்துக்கொள். அக்கரையில் இறக்கு." இது அணிலுக்கு. கீரிக்கு இதேபோல் இன்னொன்று. நரிக்கும் குரங்குக்கும் தனித்தனியாக. வால் வலிக்கிறது என்று குரங்கு ஒருநாள் முறையிட, பின்னி அத்தனை நிரலையும் பிரித்துப் பிடியைத் தளர்த்தியது. எட்டுக் கால்களும் ஓய்ந்து போயின.

கிளி வந்து அருகில் அமர்ந்தது. கேட்டதையெல்லாம் அப்படியே ஒப்பிக்கும் கிளி அது.

"ஏன் அக்கா இப்படிச் சாகிறாய்? எல்லாம் ஒரே நிரல்தானே? பெயர் மட்டும்தானே மாறுகிறது? பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டுவிடு. வருகிறவர் பெயரை நான் சொல்லிக்கொள்கிறேன்."

பின்னி யோசித்தது. நல்ல யோசனைதான். பிழை வந்தாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

"யார் வந்தாலும் சொல்வாயா?"

"யார் வந்தாலும்!"

வேறு ஏதோ கேட்க வேண்டும் என்று பின்னிக்குத் தோன்றியது. கண் சொருகியது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று காலியிடம் விட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தது.

மறுநாள் உச்சிவெயிலில் தேரை வந்தது.

"தேரை!" என்றது கிளி. காலியிடமெல்லாம் தேரை ஆயிற்று. தட்டு நகர்ந்தது.

நடுப்பள்ளத்தில் காற்று அடித்தது. தேரையின் வாலைப் பிடிக்கப் பொறியின் கை நீண்டது. தடவியது. மறுபடி தடவியது. பிடிக்க வால் இல்லை. வாலைப் பிடிக்காமல் அடுத்த வரிக்குப் போகப் பொறிக்குத் தெரியாது. தட்டு அந்தரத்தில் நின்றது.

"என் தோல் காய்கிறதே! யாராவது வாருங்களேன்!" என்று தேரை கதறியது.

கிளி பதறி, "தேரை! தேரை! தேரை!" என்று கத்தியது. பொறியின் கை இன்னும் வேகமாகத் தடவியது.

கூச்சல் கேட்டுப் பின்னி விழித்தது. பார்த்ததுமே தான் கேட்காமல் விட்டது என்ன என்று விளங்கிவிட்டது. அலுத்துக்கொள்ளவும் நேரமில்லை. காற்றில் ஆடும் கம்பிமேல் ஊர்ந்துபோய், தேரையைத் தன் நூலால் தட்டோடு வரிந்து கட்டியது.

"அசையாதே தம்பி."

"விழுந்துவிட மாட்டேனே, அக்கா?"

"நூல் தாங்கும்."

கரைக்குத் திரும்பி, நிரலில் வால் பிடிக்கும் வரியை அழித்தது. தட்டு நகர்ந்து அக்கரை சேர்ந்தது. சுற்றியிருந்த நூலை உதறிக்கொண்டு தேரை சுனைக்குள் தொப்பென்று விழுந்தது.

பின்னி அழித்த வரியை மறுபடி எழுதியது. நிரலின் தலையில் புதிதாக ஒரு வரியும் சேர்த்தது: "வால் உள்ளவருக்கு மட்டும். இல்லாதவர் வந்தால் மணி அடி, நகராதே."

அடுத்து நண்டு வந்தது.

"நண்டு!" என்றது கிளி.

மணி அடித்தது. தட்டு இம்மியும் நகரவில்லை.

"அக்கா, பொறி கெட்டுப்போய்விட்டது!" என்று கத்தியது கிளி.

"கெடவில்லை. இப்போதுதான் சரியாகியிருக்கிறது. முடியாது என்பதை அந்தரத்தில் சொல்லாமல் கரையிலேயே சொல்லிவிட்டது, பார்."

நண்டு பரிதாபமாகப் பார்த்தது. "அப்படியானால் எனக்குத் தண்ணீர்?"

பின்னி ஒரு பெருமூச்சு விட்டது.

"கொஞ்சம் பொறு. வால் இல்லாதவர்களுக்கு ஒன்று எழுதித் தருகிறேன்."

களைத்த கால்களை நீட்டி மடக்கி, மறுபடி எழுத உட்கார்ந்தது.

நீதி: பலருக்கும் பொதுவாக ஒன்றைச் செய்பவர், அது யாருக்குப் பொருந்தாது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.