குழாயின் மறுமுனை

மலை மடத்துக் குரு உமையாளுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் பிச்சாண்டிக்கு அறுபது. ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் பிச்சாண்டி சின்னப் பிள்ளைதான். ஒரு வாரமாக ஒரே கேள்வியால் குருவைத் துளைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா! தூரம் போகப் போக எந்த விசையும் தேயுது. சரி. மேல, கீழ எதுவும் இல்லாம உலகமே வெறும் தரையா இருந்தா? அதுவும் இல்லாம ஒரே ஒரு கோடா இருந்தா? அப்ப விசை என்ன பண்ணும்?"

"மத்தியான பஸ்ஸுல உங்க தம்பி மடத்தை விட்டுப் போறார். தெரியுமா?" என்று கேட்டார் குரு.

பிச்சாண்டியின் முகம் வாடியது. மடத்து விளக்கு காணாமல் போனபோது, கூடப் பிறந்த அருணகிரியைத் திருடன் என்று சொன்னவர் அவர். விளக்கு பிறகு கிணற்றில் கிடைத்தது. அன்றிலிருந்து இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், பேசவில்லை.

"தப்பு என்மேலதான்னு ஊருக்கே சொல்லிட்டேனே அம்மா. சமையல்கட்டுல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், பூசாரிகிட்ட அழுதே சொன்னேன். அவன் மனசு இளகலையே."

குரு எழுந்தார். "வாங்க, உங்க கேள்வியைப் பார்ப்போம். விசைக்குப் பதிலா உங்க குரலை வெச்சே பார்ப்போம்."

பாறை விளிம்பில் நின்றார்கள். வெகு கீழே தோட்டம். வாழை மறைவில் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது.

"குரல் கேட்டா துண்டை வீசச் சொல்லியிருக்கேன். கத்துங்க."

பிச்சாண்டி தொண்டை கிழியக் கத்தினார். துண்டு அசையவில்லை.

"எங்க போச்சு உங்க சத்தம்?"

"வானத்துக்குக் கொஞ்சம், பள்ளத்துக்குக் கொஞ்சம்... எட்டுத் திக்கும் பங்கு போட்டுக்கிச்சு!"

குரு பக்கத்துக் குளத்தில் ஒரு கல்லைப் போட்டார். அலை விரிந்து, இளைத்து, எதிர்க்கரை இலையைத் தொட்டு ஆட்டியது.

"தரை உலகம்!" பிச்சாண்டி கைதட்டினார். "மேல போக வழியில்லை. தேயுது, ஆனா மெதுவாத்தான் தேயுது!"

சுனையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் இரும்புக் குழாய் கோடையில் காய்ந்து கிடந்தது. அதைக் காட்டினார் குரு. பிச்சாண்டி குனிந்து வாயை வைத்து, "கேக்குதா?" என்று முணுமுணுத்தார்.

துண்டு படபடவென்று பறந்தது.

பிச்சாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்தார். "கோட்டு உலகம் அம்மா! சிதறிப் போக இடமே இல்லை! அப்படியே போய்ச் சேருது! இன்னொரு தடவை பேசட்டா? என்ன சொல்லட்டும்?"

"டீக்கடையில சொன்னதையே சொல்லுங்க," என்றார் குரு. "அங்க காதை வெச்சிருக்கிறது அருணகிரி."