நாலாவது பெயர்

மூடுபனிக்குள்ளிருந்து யாரோ வீட்டுச் சுவரை உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

மணி ஏழுதான். ஆனால் மலையில் மே மாதப் பனி இறங்கிவிட்டால் ஏழு மணிக்கே ஊர் கண்ணை மூடிக்கொள்ளும். கர்ர் என்று நீளமாக ஓர் இழுப்பு. பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடியும் இழுப்பு.

ஜெசிந்தா எழுதிக்கொண்டிருந்த நோட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கிவந்து வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். அது போதாதென்று தன் கோல்ஃப் பையையும் அதன்மேல் ஏற்றி வைத்தாள்.

தரையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மிரியம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மாடாம்மா?"

"மாடுதான். சத்தம் போடாதே."

காட்டுமாடுகள் கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கு வரும். மேய்ந்த களைப்பில் மைதானத்தை ஒட்டிய வீடுகளின் தூண்களில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். ஊருக்கே பழகிப்போன விஷயம். மற்ற வீடுகளில் கதவைத் தாழிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஜெசிந்தாவின் கதவிலும் கனமான பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது, அவள் தலைக்கும் மேலே, அந்தக் காலத்து நெட்டைத் துரை எவனோ தன் உயரத்துக்கு அடித்தது. ஒரு வருஷமாக அவள் அதைத் தொடவில்லை.

உரசல் நின்றது. தூரத்தில் டங், டங் என்று தகரத்தைத் தட்டும் ஓசை எழுந்து நெருங்கி வந்தது. குளம்புகள் புல்லில் அழுந்தி விலகிப்போயின.

"ஜெசி, நான்தான். திற."

அமலி அக்காவின் குரல். ஜெசிந்தாவுக்கு ஆறு வருஷமாகக் கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். வயதில் ஏழே வருஷம் மூத்தவள். அவளுடைய அப்பா அதே மைதானத்தில் புல் வெட்டினார். மகள் பிறத்தியாருடைய பையைச் சுமந்துகொண்டே அவர்கள் பந்தை அடிப்பதைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டாள். கிளப்பில் யாரும் அவளிடம் நீளமான பாடம் கேட்டதில்லை. கேட்டாலும் கிடைக்காது.

ஜெசிந்தா பையை இறக்கி, நாற்காலியை நகர்த்தி, கதவைத் திறந்தாள். அத்தனை சத்தமும் வெளியே கேட்டிருக்க வேண்டும். அமலி தகர டின்னோடும் குச்சியோடும் உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு மேலே, களிம்பேறிய தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"பைக்கு நல்ல வேலைதான் குடுத்திருக்கே."

ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அமலி வந்த காரியம் வேறு. நார்வேயின் வடகோடியில், கடலுக்கு நடுவே ஒரு தீவு. பாறைக்கும் அலைக்கும் இடையில் ஒன்பது குழி. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லையாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெயிலில் பந்து அடிக்கலாமாம். அமலியும் கிளப்பில் அவளிடம் கற்றுக்கொண்டவர்களுமாக நாலு பேர் போய் ஆடிவிட்டு வருவதென்று இரண்டு வருஷத்துப் பேச்சு. அதை முதலில் ஆரம்பித்ததும் ஜெசிந்தாதான். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் நாலு பெயரை அந்தத் தீவுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அமலி நோட்டை எடுத்து விளக்கடியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தாவின் எழுத்து, கான்வென்ட்டில் படித்த கை. ஸ்கேல் வைத்து ஓரம் கோடிட்டு, தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. எந்த ஊரில் விமானம் மாற வேண்டும், தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு, காற்று பலமாக அடித்து படகு நின்றுவிட்டால் எங்கே தங்குவது, அரிசிக் கஞ்சி எங்கே காய்ச்சிக்கொள்வது, ராத்திரியிலும் வெயில் என்பதால் கண்ணைக் கட்டித் தூங்க ஆளுக்கொரு கறுப்புத் துணி. ஒன்றும் விட்டுப்போகவில்லை. அமலி பக்கம் பக்கமாக நிதானமாகப் படித்தாள்.

"மார்க்ரெட்டு எத்தனை மணிக்குப் பிரஷர் மாத்திரை போடணும்னுகூட எழுதியிருக்கே."

"மறந்துடுவாங்கக்கா."

"என் டின்னும் லிஸ்ட்ல இருக்கா?"

"இருக்கு. ஏரோப்ளேன்ல விடுவாங்களான்னு கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரல."

அமலி கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வருகிறவர்கள் என்று தலைப்பு. ஒன்று, அமலியின் முழுப்பெயர், அமலோற்பவம். இரண்டு, மார்க்ரெட். மூன்று, பல் டாக்டர் வெண்பா. நாலு என்று போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும்.

அமலி அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

அதனால் ஜெசிந்தாவே சொல்ல வேண்டியதாயிற்று. போன வருஷம் ஜூன் மாத மழையில் காய்ச்சல் கண்டு அவள் விழுந்த கதை அமலிக்குத் தெரியும். ஆனால் விழுந்தது அடுப்படியில், ராத்திரி எட்டு மணிக்கு, கதவைத் தாழிட்ட பிறகு என்பது தெரியாது. கணவன் ஆல்பன் கப்பலில், ஏதோ ஒரு கடலில். நாலு வயது மிரியம் கதவடியில் போய் நின்று தாழ்ப்பாளை எட்டப் பார்த்திருக்கிறாள். எட்டவில்லை. தட்டியிருக்கிறாள். வெளியே மழை. விடிகாலையில் பால்காரர் வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கியபோது, குழந்தை கதவில் கன்னத்தை வைத்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு தாழ்ப்பாள் இல்லை, நாற்காலிதான். நாற்காலியை நம்பித் தூக்கமும் இல்லை.

ஆல்பனின் அக்கா ஆக்னஸ் மதினி வத்தலக்குண்டிலிருந்து வந்து பயணத்தின் எட்டு நாளும் தங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் அவருக்குச் சர்க்கரை. இரண்டு தடவை மயங்கி விழுந்தவர்.

"எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டேன். இது ஒண்ணுக்கு மட்டும் எழுத வரலக்கா. நான் அந்த உலகக் கடைசியில இருக்கும்போது மதினி விழுந்துட்டா, இவ என்ன பண்ணுவா?"

அமலி நோட்டை மூடிவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

அமலியின் பாடம் இப்படித்தான் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள வந்த முதல் வருஷம், ஆறாம் குழியில் நின்றபோது இதே மாதிரி பனி வந்து கொடியை மூடிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை, நாளைக்கு ஆடலாம் என்றாள் ஜெசிந்தா. அமலி டின்னை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்து மறைந்துபோனாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ முன்னாலிருந்து டங், டங் என்று தகரச் சத்தம் வந்தது. அந்த மலையில் பனிநாளில் ஆடுகிற வழக்கம் அதுதான். ஒருவர் கொடியடியில் நின்று தகரம் தட்டுவார், மற்றவர் சத்தத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். ஜெசிந்தா அடித்தாள். பந்து எங்கே போயிற்று என்று கத்திக் கேட்டாள். "விழுந்தது எனக்குக் கேட்டுச்சு, நீ நடந்து வா" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

இப்போது அமலி எழுந்தாள். மிக்சியைப் பிரிக்கிற ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டாள். ஜெசிந்தா எடுத்துக்கொடுத்தாள். அமலி அதே நாற்காலியைக் கதவடியில் போட்டு ஏறி, தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தாள். துருவேறிய திருகாணிகள் ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு வந்தன. நிலையில் இருந்த வளையத்தையும் கழற்றினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

அமலி இறங்கி மிரியத்தைக் கூப்பிட்டாள்.

"வயசென்ன?"

"அஞ்சு. ஜூலையில ஆறு."

"கதவுகிட்ட நில்லு. கையைத் தூக்கு."

மிரியம் கால்விரலில் எம்பிக் கையை நீட்டினாள்.

"எம்பாதே. தூக்கக் கலக்கத்துல எம்ப வராது."

மிரியம் குதிகாலை இறக்கினாள். கை எட்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே அமலி கோடு போட்டாள். ஆட்டத்தின் புள்ளி எழுதுகிற குட்டிப் பென்சில் எப்போதும் அவள் காதோரத்தில் இருக்கும்.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் பயம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. குழந்தை கைக்கு எட்டுகிற தாழ்ப்பாளைக் குழந்தையே திறந்துகொண்டு பனிக்குள் போய்விட்டால்? வாசலில் மாடு நின்றால்? அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அமலி திருகாணியைப் பல்லில் கடித்தபடி மிரியத்தைப் பார்த்தாள்.

"போவியா?"

மிரியம் யோசித்தாள்.

"மாடு உரசினா போமாட்டேன். டின்னு கேட்டாத்தான் தெறப்பேன்."

"உரசலைன்னா?"

"அம்மா விழுந்தா போவேன்."

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நிலைக்கட்டை அந்த உயரத்தில் கரையான் தின்று பொக்கையாகிக் கிடந்தது. திருகாணி பிடிக்காமல் வெறுமனே சுற்றியது. அமலி ஜெசிந்தாவின் பையைத் துழாவி, பந்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிற மரக்குச்சிகளில் நாலைந்தை எடுத்தாள். பொக்கைக்குள் ஒவ்வொன்றாக அடித்து இறக்கி, தலையை ஒடித்துவிட்டு, அதன்மேல் திருகினாள். பிடித்துக்கொண்டது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, முந்தானையால் துடைத்தாள்.

மிரியம் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடித்தது, ஆனால் வந்தது. அவள் அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டு எட்டுத் தடவை செய்தாள்.

ஜெசிந்தா நாற்காலியை எடுத்துப் பழையபடி மேஜைக்குப் போட்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

"பாதிதான் ஆச்சு. வெளியே வா" என்றாள் அமலி.

"எதுக்கு?"

அமலி நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். டின்னையும் குச்சியையும் மிரியத்தின் காலடியில் வைத்தாள்.

"இது உன்கிட்டே இருக்கட்டும். அந்தத் தீவுல நான் கையைத் தட்டிக்கிறேன். உள்ள யாராவது விழுந்தா ஜன்னல்ல நின்னு தட்டு. பால்காரர் வீடு வரைக்கும் கேக்கும்."

மிரியம் தலையாட்டினாள். டின்னை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ ஜன்னலைத் திறந்து, எந்தப் பக்கம் மாடு என்று கேட்டார்கள். மாடு போயாச்சு, பாடம் நடக்குது என்றாள் அமலி. ஜன்னல் மூடிக்கொண்டது.

ஜெசிந்தா படியில் இறங்கினாள். பின்னால் மிரியம் இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். வெளிச்சம் ஒரு கோடாக மெலிந்து இல்லாமல் போயிற்று. பனி ஜெசிந்தாவின் முகத்தில் ஈரமாக ஒட்டியது. குழந்தை உள்ளே, தான் வெளியே, நடுவில் கதவு. அப்படி ஒரு வருஷமாக அவள் நின்றதில்லை.

உள்ளே பித்தளை ஒரு தடவை கிரீச்சிட்டு நின்றது. ஜெசிந்தாவின் கை கதவுக்குப் போயிற்று.

"கையை எடு" என்றாள் அமலி.

எடுத்தாள். அமலி அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து, எழுத வாகாக நோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிரியத்தின் குரல் வந்தது.

"அம்மா, போடவா?"

ஜெசிந்தா அமலியைப் பார்த்தாள். பனியில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"இவளுக்குத் திறக்க வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிக்கப்போறேன். அவ கேட்டது உன்னை."

வாசல் விளக்கின் மங்கலில் ஜெசிந்தா நாலுக்குப் பக்கத்திலிருந்த புள்ளியை அடுத்துத் தன் பெயரை எழுதினாள். ஸ்கேல் இல்லை, எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அடிக்கோடும் போடவில்லை. எழுதி முடித்துவிட்டுக் கதவருகில் குனிந்தாள்.

"போடுடா."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.