அரை மணி நேரத் தூரம்

கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. கலெக்டர் அம்மா முன்னால் கூட்டம். வீட்டுவசதி அதிகாரி தணிகாசலம் கறாராகப் பேசினார்.

"இன்னைக்கே சம்மதம் சொல்லிடணும். இல்லேன்னா வீடும் கிடையாது, குடிசையும் இருக்காது."

"அது ரொம்பத் தூரம் சார்" என்று யாரோ முனகினார்கள்.

"என்ன தூரம்? பஸ் ஏறினா அரை மணி நேரம். ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்றேன்."

மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் ரோஸ்லின் எழுந்தாள்.

"நாங்க போறோம் சார். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறோம். குழாய் ரிப்பேர்னாலும் உங்களைத்தானே தேடி வரணும்? உங்க ஆபீஸையும் அங்கயே மாத்திடுங்க."

"நல்ல யோசனைதானே?" என்றார் கலெக்டர்.

தணிகாசலம் பதறிப்போனார். "அங்கயா மேடம்? காலையில பஸ்ஸே கிடையாது. ஸ்டாஃப் வந்து சேர மத்தியானம் ஆயிடும். அவங்க பிள்ளைங்க படிக்கிறதெல்லாம் இங்கதான்."

"எங்களுக்கும் அதேதான் சார்" என்றாள் ரோஸ்லின்.

கூட்டம் சிரித்தது. கலெக்டரும் சிரித்துவிட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால் பாழடைந்து கிடந்த அரசுக் கிடங்கை இடித்து அங்கேயே வீடு கட்டச் சொன்னார். அதுவரை குடிசைகளைத் தொடக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. ரோஸ்லினுக்கு முதல் மாடியில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து நடந்தே வந்து, குளித்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள். வெளியே மழை கொட்டியது. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்க எழுந்திருக்கும் வேலை இல்லை. நன்றாகத் தூங்கினாள்.