பஞ்சுவின் அபிஷேகம்

"என் குறை எனக்கே தெரியுதும்மா. நானே திருத்திக்குவேன். இனி குரு எதுக்கு?"

பூசை தொடங்கும் முன் ஏகாம்பரம் கேட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

அவருடைய குரு பூரணி அம்மா அபிஷேகக் குடத்தில் தண்ணீர் நிறைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மலை மடத்தின் அம்மன் சன்னிதி முழுக்க லில்லிப் பூ. எஸ்டேட்காரர் ஒருவர் கூடை கூடையாக அனுப்பியிருந்தார். மடத்து வெள்ளைப் பூனை பஞ்சு, பூக்களை உரசிக்கொண்டு வெளியே வந்தது. தலையிலும் முதுகிலும் காலிலும் பூவின் மஞ்சள் பொடி.

"பாருங்கம்மா, அம்மனுக்கு முந்தி இதுக்கு மஞ்சள் காப்பு ஆயிடுச்சு!" ஏகாம்பரம் சிரித்தார்.

பஞ்சு உட்கார்ந்தது. முன்னங்காலைத் தூக்கி நக்கியது.

பூரணி அம்மா பாய்ந்து அதன் பிடரியைப் பிடித்தார். குடத்தை அதன்மேல் கவிழ்த்தார். பூனை அலறியது. அவர் கையைக் கிழித்தது. அவர் விடவில்லை.

"அம்மா! அது அபிஷேகத் தண்ணி!"

"அம்மன் தன்னை நக்கிக்கிறதில்ல. துண்டை எடுங்க சார். ஜீப்பை வரச்சொல்லுங்க."

"வெறும் பூவோட பொடிதானேம்மா?"

"லில்லி பூனைக்கு விஷம். பொடி நாக்குல பட்டாப் போதும், சிறுநீரகம் போயிடும்."

துறவுக்கு முன் அவர் கால்நடை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவர்.

அதற்குள் பொடி கொஞ்சம் உள்ளே போயிருந்தது. மருத்துவமனையில் டாக்டர் ட்ரிப்ஸ் ஏற்றினார். "சிறுநீர் இறங்கணும். இறங்கினாத்தான் நம்பிக்கை" என்றார்.

இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பஞ்சுவின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தது. கண் சொருகிக் கிடந்தது. ஆனாலும் நாக்கு ஓயவில்லை. எட்டாத காலைத் தேடி, வெறும் காற்றை நக்கியது. ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அது நிறுத்தவில்லை.

வெயில் சாயும்போது அடியில் விரித்திருந்த துணி நனைந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். தலையசைத்தார்.

அந்த ஈரத்தைப் பார்த்து பூரணி அம்மா கைகூப்பினார். ஏகாம்பரத்தின் கைகளும் தாமாகக் குவிந்தன.

"நான்னா விட்டிருப்பேம்மா" என்றார் ஏகாம்பரம். "தானே சுத்தம் பண்ணிக்கும்னு."

"பண்ணியிருக்கும் சார்" என்றார் பூரணி அம்மா. "ஒரு பொட்டு மிச்சம் வைக்காம."