சடுகுடுக் கீரியின் மூச்சு

கோடை வந்தால் கருவேலங்காட்டுக் குளம் அடிமட்டத்துக்குப் போய்விடும். முதலில் குடிப்பவர்களுக்குத் தெளிந்த தண்ணீர், பின்னால் வருபவர்களுக்குச் சேறு. அடித்துக்கொண்டு சாக வேண்டாமே என்று மேட்டுக்கரை விலங்குகளும் பள்ளக்கரை விலங்குகளும் வருஷா வருஷம் சடுகுடு ஆடும். ஜெயித்த கரைக்குக் கோடை முழுக்க முதல் தண்ணீர்.

மேட்டுக்கரைக்குச் செங்கான் என்ற கீரிதான் எல்லாம். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போய் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். அந்த வருஷம் காட்டுக்குள் விஷக்காய்ச்சல் புகுந்தது. செங்கான் படுத்தான். அவன் கூட்டாளி, காட்டுப்பூனை முனியாளும் படுத்தாள்.

காய்ச்சல் விட்டதும் முனியாள் குளக்கரையில் மெல்ல நடந்தாள். நடந்துகொண்டே 'சடுகுடு' பாடுவாள். மூச்சு வாங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் இன்னும் கொஞ்ச தூரம் போவாள்.

செங்கானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன முனியா, கல்யாண ஊர்வலமா?"

"கால் வந்துடுச்சு, மூச்சு இன்னும் வரலை. நீயும் பாடிப் பாரு, செங்கா."

"காய்ச்சல்தான் விட்டுப்போச்சே! மூச்சு மட்டும் எங்கே போயிடும்?"

அந்த வீம்பன் பாடிப் பார்க்கவே இல்லை. மரத்துக்கு மரம் ஓடிக் காட்டினான். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஓடும்போது வேண்டிய மட்டும் மூச்சு இழுத்துக்கொள்ளலாம், சடுகுடுவில் அது நடக்குமா?

ஆட்ட நாளன்று அணித்தலைவர் முள்ளம்பன்றி கேட்டார். "தம்பி, நிஜமாவே தேறிட்டியா?"

"தேறிட்டேன் அண்ணே. கடைசிப் பாட்டு எனக்குத்தான்."

"எனக்கு ஒரு பாட்டுக்குத்தான் மூச்சு இருக்கு," என்றாள் முனியாள். அதைப் பாடி, ஒருவரைத் தொட்டுத் திரும்பி, ஓரமாய் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டம் சமமாய் நின்றது.

செங்கான் பாடிக்கொண்டு பாய்ந்தான். மூன்று பேரைத் தொட்டான். திரும்பினான். நடுக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மூச்சு அறுந்தது. நெஞ்சு படபடக்க அப்படியே விழுந்தான். தொட்டதெல்லாம் வீண். பள்ளக்கரைக்காரர்கள்தான் அவனைத் தூக்கி நிழலில் போட்டார்கள். பிடிக்கக்கூட மனசு வரவில்லை அவர்களுக்கு. ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தானே. பாட்டு அறுந்தவன் ஆட்டமிழந்ததில் கிடைத்த அந்த ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

செங்கான் மறுபடி படுக்கையில் விழுந்தான், முதல் தடவையைவிட அதிக நாள். அந்தக் கோடை முழுக்க மேட்டுக்கரைக் குட்டிகள் சேற்றைக் குடித்தன. அதைப் பார்த்துக்கொண்டே அவனும் குடித்தான்.

எழுந்து நடமாடியதும் முனியாளிடம் போய் நின்றான்.

"ஊர்வலத்துக்கு நானும் வரலாமா?"

"வா. மெதுவா வா," என்றாள் அவள்.

நோய் உடம்பை விட்டுப் போவது வேறு, பலம் திரும்பி வருவது வேறு. இரண்டும் ஒன்றென்று நினைப்பவன் தன்னை நம்பியவர்களையும் சேர்த்துக் கெடுப்பான்.