கரைமிதி பேண்டும் விராலின் வாலும்

நாவல்காட்டுக் குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. அதற்கு முந்நூறு குஞ்சுகள். எல்லாம் செக்கச்செவேலென்று ஒன்றாகத் திரண்டு அம்மாவின் வாலைச் சுற்றியே திரிந்துகொண்டிருந்தன.

விரால் குடியிருந்தது கிழக்குக் கரையோரம். அது வெறும் மண்கரை. வெயில் காலம் முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மழைக்கு முன்னால் அந்த வெடிப்புகள் மூடி, மண் இறுகாவிட்டால் கரை உடையும். உடைந்தால் குளம் காலி. குளம் காலியானால் முந்நூறு குஞ்சுகளும் கொக்குகளுக்கு விருந்து.

ஆனால் இத்தனை வருடமும் கரை உடையவில்லை. அதற்குக் காரணம் ஆட்டம்.

மழைக்கு முந்தின பத்து நாளும் பிற்பகலானால் காட்டு மிருகங்கள் எல்லாம் கிழக்குக் கரைக்கு வந்துவிடும். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும். பேண்டு வாசிக்கும். "முன்னால மூணு! பின்னால மூணு! ஜோடி மாறிச் சுத்து!" என்று மரத்திலிருந்து செம்போத்து கூவும். காட்டுப்பன்றியும் மானும் கீரியும் முயலும் திம் திம்மென்று மிதித்து ஆடும். பத்து நாள் ஆட்டம் முடிந்தால் கரை கெட்டிப்பட்டுவிடும்.

இதை முதலில் யார் யோசித்தார்களோ தெரியாது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். மண் மிதிக்க வா என்றால் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் வயிற்றுவலி வரும். ஆட வா என்றால் காடே கிளம்பி வரும். அதற்காகத்தான் பேண்டு உண்டானது. அதன் பெயரே கரைமிதி பேண்டு.

பெயர் அப்படியே இருந்தது. காரணம் மட்டும் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. விராலுக்கு மறக்கவில்லை. அது பெரிய இசை ரசிகை என்பதால் அல்ல. மேலே விழும் ஒவ்வொரு மிதியும் கீழே அதன் வயிற்றில் அதிரும். அதிர்ந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கும்.

பேண்டுக்குத் தலைவர் ஒரு முள்ளம்பன்றி. எல்லோரும் மரியாதையாக முள்ளையா என்பார்கள். சுரைக்குடுக்கையின் வாயில் காய்ந்த தேக்கிலையை இழுத்துக் கட்டி, அதை மத்தளமாக வாசிப்பார். அந்த வருடம் பேண்டில் ஒரு மைனாவும் சேர்ந்தது. அது ஒரு வருடம் முழுக்க டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையில் குடியிருந்த மைனா. திரும்பி வரும்போது ஒரு தகர மூடியையும் தலை நிறைய மெட்டுகளையும் கொண்டுவந்திருந்தது.

முதல் நாள் ஒத்திகையிலேயே சண்டை வந்துவிட்டது.

"தகரமா? நம்ம பேண்டுலயா? என் முப்பாட்டன் காலத்துல இருந்து சுரைக்குடுக்கைதான்!" என்றார் முள்ளையா.

"அதனாலதான் கேக்கறவங்க கொட்டாவி விடறாங்க!" என்றது மைனா. "உலகம் எங்கேயோ போயிடுச்சு, ஐயா!"

"போனது திரும்பி வரட்டும். ஏழு தட்டு, அப்புறம் ஒரு மௌனத் தட்டு. அதுல தலை குனியணும். அதுதான் மரபு!"

"ஒரே மாதிரி ஏழு தட்டு எதுக்கு? நான் அஞ்சுல தொடங்கி, ஒம்பதுக்குத் தாவி, மூணரையில முடிப்பேன். அதுதான் புதுமை!"

கடைசியில் நாலு நாள் முள்ளையா வாசிப்பது, நாலு நாள் மைனா வாசிப்பது, மிச்சம் இரண்டு நாளைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

முள்ளையாவின் முதல் நாள். காட்டுப்பன்றி முன்வரிசையில் வந்து நின்றது. ஆட்டமென்றால் அதற்கு உயிர். காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்ததுதான் தாமதம்.

"நிறுத்து!" என்று கத்தினார் முள்ளையா. "நீ மிதிக்கிற சத்தத்துல மௌனத் தட்டு யாருக்காவது கேக்குமா?"

"மௌனம் எப்படி அண்ணே கேக்கும்?" என்று கேட்டது பன்றி.

"குதர்க்கம் பேசாதே! எல்லாரும் உக்காருங்க. வாலை ஆட்டக்கூடாது. செம்போத்து, நீயும் வாயை மூடு. இது மரபு இசை. கண்ணை மூடிக் கேக்கணும்!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடினார்கள். மூடியவர்களில் பாதிப்பேர் தூங்கியும் போனார்கள். முள்ளையாவுக்குப் பரம திருப்தி. "என்ன ஒரு ஈடுபாடு!" என்று பூரித்தார்.

கீழே விரால் காத்திருந்தது. அன்று பன்றியின் அந்த ஒரு மிதிக்குப் பிறகு அதிர்வே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அது தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது.

"ஐயா, கும்பிடறேன். கரையில வெடிப்பு அப்படியே இருக்கு. கொஞ்சம் ஆட விடுங்க. புள்ளைக்காரி கேக்கறேன்."

முள்ளையா சிரித்தார். "நீந்தறவங்களுக்குத் தாளம் எங்கம்மா புரியும்? உனக்குக் காலே கிடையாது. ஆட்டத்தைப் பத்திப் பேச வந்துட்டியே!"

விரால் உள்ளே போயிற்று. அதற்கு அழுகை வந்தது. மீன் அழுதால் யாருக்குத் தெரியும்?

ஐந்தாம் நாள் மைனா வந்தது. "எல்லாரும் எந்திரிங்க! ஆடுங்க!" என்றது. பன்றிக்கு ஒரே குஷி. துள்ளி எழுந்தது.

மைனா தகரத்தைத் தட்டியது. ஐந்து தட்டு. பன்றி ஐந்து மிதி மிதித்தது. ஆறாவது மிதிக்குக் காலைத் தூக்கியபோது தாளம் ஒன்பதுக்குத் தாவிவிட்டது. பன்றி தடுமாறி மான் மேல் விழுந்தது. மான் முயல் மேல் விழுந்தது. "முன்னால... பின்னால... எங்கேயாவது போங்க!" என்று கூவிவிட்டுச் செம்போத்து மரத்தைவிட்டே பறந்துபோயிற்று.

ஆனால் வாசிப்பு என்னவோ பிரமாதம்! மைனா மூக்கால் தட்டியது, காலால் தட்டியது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தட்டியது. எல்லோரும் ஆடுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்தபடி நின்றார்கள். முடிந்ததும் ஒரே ஆரவாரம்.

"பாத்தீங்களா? அசையாம நிக்கறாங்க! அப்படி ஒரு வாசிப்பு!" என்று மைனா நெஞ்சை நிமிர்த்தியது.

விரால் மறுபடி தலையை நீட்டியது. "மைனாம்மா, வாசிப்பு நல்லா இருக்கு. ஆனா கால் ஒண்ணும் தரையில படலையே. கரை..."

"கரையா? நான் கலையைப் பத்திப் பேசறேன், நீ களிமண்ணைப் பத்திப் பேசறே! உன் ரசனை இன்னும் குளத்துக்குள்ளேயே கிடக்கு."

எட்டு நாள் இப்படியே கழிந்தது. ஒன்பதாம் நாள் யார் வாசிப்பது என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டார்கள். காரசாரமாகப் பேச்சு நடந்தது. மரபுக் கட்சி ஒரு பக்கம், புதுமைக் கட்சி ஒரு பக்கம். பேச்சு முடியவில்லை. பாட்டு தொடங்கவேயில்லை.

கரையோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை இந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டது.

"என்ன தகராறு?"

"மௌனத் தட்டைக் கைவிடணுமாம்! என் முப்பாட்டன் தந்தது!" என்றார் முள்ளையா.

"அதுவா?" என்றது ஆமை. "அதைத் தந்தது ஒரு தவளை. நாலு மழைக்கு முன்னாடி அதுதானே இங்கே மத்தளம் வாசிச்சது? அதுக்கு விக்கல்."

"என்னது?"

"விக்கல்ங்கறேன். ஏழு தட்டு தட்டும், ஒரு தரம் விக்கும். மழை வந்ததும் அதுக்கு விக்கல் நின்னுபோச்சு. நீங்கதான் இன்னும் நிறுத்தலை."

மைனா விழுந்து விழுந்து சிரித்தது. ஆமை அதன் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

"நீ என்ன சிரிக்கறே? நான் சின்னதா இருக்கும்போது ஒரு காக்கா கரண்டி கொண்டாந்து இதையேதான் வாசிச்சது. அதுவும் தலைகீழாத் தொங்குச்சு. அதுக்கும் எல்லாரும் ஆரவாரம் பண்ணினாங்க."

மைனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு கட்சியும் ஆமையை முறைத்தன. அந்தக் கூட்டத்தில் இரு கட்சியும் ஒத்துப்போனது ஒன்றே ஒன்றுதான். ஆமைக்கு இசை தெரியாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தூங்கத் தொடங்கியது.

பத்தாம் நாள் பிற்பகல் வானம் கறுத்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கியது.

குளத்தில் தண்ணீர் ஏறியது. கிழக்குக் கரையின் அடியில் ஒரு பழைய நண்டு வளை இருந்தது. வழக்கமான வருடமாக இருந்தால் மிதியில் எப்போதோ மூடிப்போயிருக்கும். இந்த வருடம் திறந்தே கிடந்தது. அதன் வழியே தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியே ஓடியது. தண்ணீரோடு குஞ்சுகளும் போயின.

"அம்மா!"

விரால் பாய்ந்தது. இழுக்கிற தண்ணீரில் குஞ்சுகளைப் பிடித்து நிறுத்த அதற்குக் கையா இருக்கிறது? தன் உடம்பையே கொண்டுபோய் அந்த ஓட்டையில் இடது பக்கமாகச் சாய்த்துத் திணித்துக்கொண்டது. ஓட்டை அடைபட்டது. ஆனால் தண்ணீர் அதையும் சேர்த்து வெளியே தள்ளப் பார்த்தது. நழுவிவிடாமல் இருக்க வாலைக் கரையில் ஓங்கி ஓங்கி அடித்து ஊன்றிக்கொண்டது.

தப்! தப்! தப்! தப்!

மேலே மழைக்கு ஒதுங்க இடம் தேடிக்கொண்டிருந்த பன்றிக்குக் காலடியில் அது கேட்டது. ஏழாவது தட்டில் நிற்கவில்லை. ஒன்பதுக்குத் தாவவில்லை. ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"அட, இதுக்கு ஆடலாம் போலிருக்கே!" என்று பன்றி ஒரு மிதி மிதித்தது. அடுத்த தட்டுக்கு அடுத்த மிதி. கால் தானாகப் போயிற்று. பத்து நாளாகக் கட்டிப்போட்ட கால் இல்லையா! மான் வந்தது. கீரி வந்தது. முயல்கள் வரிசை கட்டின. செம்போத்து மறுபடி மரத்துக்கு வந்து, கீழே விரால் சாய்ந்தபடி வாலடிப்பதைப் பார்த்துவிட்டு, "முன்னால மூணு! பின்னால மூணு! விரால் மாதிரி இடப்பக்கம் சாய்!" என்று தொண்டை கிழியக் கூவியது.

"மௌனத் தட்டு எங்கே?" என்று ஓடிவந்தார் முள்ளையா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தளத்தைத் தட்டிப் பார்த்தார். தேக்கிலை நனைந்து அப்பளம் போல நமுத்துக் கிடந்தது. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் பழைய மெட்டை வாயால் பாடத் தொடங்கினார். தூக்கத்தில் கேட்டாலும் காலுக்குத் தெரிந்த மெட்டு அது.

மைனாவும் தகரத்தோடு வந்தது. அதன் நுணுக்கங்கள் எதுவும் மழைச் சத்தத்தில் எடுபடவில்லை. விராலின் வாலுக்குச் சரியாக டங், டங் என்று அடித்தபோது மட்டும் கரையின் கடைசிவரை கேட்டது. இலை மத்தளம் மழையில் செய்ய முடியாததைத் தகரம் செய்தது. காலையும் வாலையும் ஒன்றாக இழுத்துச் சென்றது பழைய மெட்டு. தாங்கள் சேர்ந்து வாசிக்கிறோம் என்பதே இருவருக்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாசிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

பொழுது சாயும்வரை மிதி. பன்றியின் ஒரு மிதியில் நண்டு வளை இடிந்து மூடிக்கொண்டது. கரை நின்றது.

விரால் மெதுவாக விலகி வந்தது. இடது பக்கம் செதில் முழுக்க உரிந்திருந்தது. குஞ்சுகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. திரளில் அறுபதைக் காணவில்லை. அன்றிலிருந்து அதன் வாலுக்குப் பின்னால் சின்னதாக ஓர் இடம் காலியாகவே இருந்தது. மற்ற குஞ்சுகள் ஏனோ அந்த இடத்துக்கு வரவில்லை.

கரைமேல் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அங்கே ஒரே கொண்டாட்டம்.

அடுத்த வருடம் வந்தது. மழைக்குப் பத்து நாள் முன்னால் விரால் பயந்துகொண்டே தலையை நீட்டிப் பார்த்தது. எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆனால் ஏன் எல்லோரும் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார்கள்?

"அதுதான் விரால் தாளம்!" என்று விளக்கினார் முள்ளையா. "இடப்பக்கம் சாய்ஞ்சுதான் ஆடணும். என் முப்பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான்!"

"முப்பாட்டனாவது! போன வருஷம் தகரத்துல நான் கண்டுபிடிச்ச புதுப் பாணி இது!" என்றது மைனா.

விராலுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஐயோ, நான் சாய்ந்தது ஓட்டையை அடைக்க அல்லவா! அறுபது பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற அல்லவா!

அதற்குள் பேண்டு தொடங்கிவிட்டது. சாய்ந்தபடியே பன்றி ஒரு மிதி மிதித்தது. திம்! கீழே விராலின் வயிற்றில் அது அதிர்ந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த அதிர்வு.

"ஏதோ சொல்ல வந்தியேம்மா?" என்று கேட்டார் முள்ளையா.

"ஒண்ணுமில்லைங்க ஐயா," என்றது விரால். "சாய்ஞ்சே ஆடுங்க. தலைகீழா நின்னு வேணும்னாலும் ஆடுங்க. கால் மட்டும் தரையில படட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய், குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கரையோரமாகப் படுத்துக்கொண்டது.

காலைத் தரையில் பதியவைக்கிற தாளம் பழையதானாலும் புதியதானாலும் நல்ல தாளமே. எதற்காக வாசிக்கிறோம் என்பதை மறந்துவிட்டால் மரபும் வெறும் சத்தம், புதுமையும் வெறும் சத்தம்.