மஞ்சக்காலிக்கு விழாத பூ

ஆனைக்குட்டையின் கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. தண்ணீர் குடிக்க வருகிற யார் வேண்டுமானாலும் அதன்மேல் ஏறிப் பதிவு போடலாம். பாட்டு, ஆட்டம், புறணி, புலம்பல், எதுவானாலும் சரி. பிடித்தவர்கள் பாறையடியில் ஆளுக்கொரு கொன்றைப்பூ போடுவார்கள்.

யாருடைய பதிவுக்கு எவ்வளவு வரவேற்பு என்று எண்ணிச் சொல்வது மணியன் என்ற அணில். கேட்டால் போதும், விசுக்கென்று ஓடும், விசுக்கென்று திரும்பும். பார்த்தவர் இத்தனை, பூ போட்டவர் இத்தனை, பதில் சொன்னவர் இத்தனை என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ஒன்றைக் கூட்டாது, ஒன்றைக் குறைக்காது. அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது.

அந்தக் கரையில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவியும் இருந்தது. நரியோ கீரியோ தலைகாட்டினால் முதலில் பார்ப்பது அதுதான். உடனே பாறைமேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தும்.

ஒருநாள் கீரியைப் பார்த்துக் கத்தி முடித்ததும் அதற்கு ஓர் ஆசை வந்தது.

"மணியா, என் பதிவு எப்படிப் போச்சு?"

அணில் ஓடித் திரும்பியது. "பார்த்தவங்க முப்பத்தொண்ணு. பூ பூஜ்ஜியம். பதில் பூஜ்ஜியம். தலையாட்டினது ஒண்ணு. ஆனா அது ஓணான். அது எதுக்கும் தலையாட்டும். அதை நான் சேர்க்கிறதில்ல, அக்கா!"

மஞ்சக்காலிக்கு முகம் தொங்கிப் போயிற்று. மறுநாள் பாறைமேல் ஏறி ஒற்றைக்காலில் சும்மா ஒரு குதி குதித்துப் பார்த்தது.

"பூ இருபத்தாறு, அக்கா!"

அவ்வளவுதான். மஞ்சக்காலிக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு குதி, மாலையில் ஒரு சுழற்சி. ஒவ்வொன்றுக்கும் "எத்தனை? எத்தனை?" என்று நச்சரித்தது. கத்துவதை அடியோடு விட்டுவிட்டது.

பாறைக்குப் பின்னால் நாணல் புதரில் பஞ்சு என்ற முயல் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. அது பதறிக்கொண்டு வந்தது.

"அக்கா, நேத்து எங்க புதர் வரைக்கும் நரி வந்துட்டுப் போயிருக்கு! கால்தடம் கிடக்கு. நீங்க ஏன் கத்தல?"

"கத்தி என்ன கண்டேன்? ஒருத்தருக்கும் பிடிக்கல. நீயாவது என்னைக்காவது ஒரு பூ போட்டியா?"

பஞ்சு பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று மஞ்சக்காலி பறந்துவிட்டது.

அன்று மாலை இதுவரை காணாத கூட்டம். மான்கள், மைனாக்கள், காட்டுக்கோழிகள் எல்லாம் வாய்பிளந்து நின்றன. கூட்டத்தின் ஓரத்தில் பஞ்சுவும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் மூணு பூ, அக்கா! அறுபது ஆயிடும்!" என்று அணில் கத்தியது.

மஞ்சக்காலி எம்பிக் குதித்தது. உச்சியில் இருந்தபோது நாணல் அசைவது தெரிந்தது. நரி! பஞ்சுவின் புதருக்குப் பத்தடி தூரத்தில்!

கத்தினால் கூட்டம் கலைந்துவிடும். அறுபதும் போய்விடும். இன்னும் ஒரே ஒரு குதி குதித்துவிட்டுக் கத்தலாமே?

வெட்கக்கேடுதான், ஆனாலும் குதித்தது. இந்த முறை புதருக்கு வெளியே ஒரு குட்டியின் காது நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மஞ்சக்காலி தொண்டை கிழியக் கத்தியது.

"நரி! நரி! பஞ்சு, ஓடு!"

கூட்டம் பூவையெல்லாம் மிதித்துக்கொண்டு சிதறியது. பஞ்சு பாய்ந்துபோய்க் குட்டிகளைப் பக்கத்து முட்புதருக்குள் தள்ளியது. ஒரு நொடி பிந்தி வந்த நரிக்கு வாய் நிறைய நாணல்தான் கிடைத்தது. துப்பிக்கொண்டே போய்விட்டது.

மூச்சு வாங்க அணில் வந்தது. "பார்த்தவங்க எழுபத்தொண்ணு. பூ பூஜ்ஜியம், அக்கா. எல்லாம் மிதிபட்டுப் போச்சு."

பின்னாலேயே பஞ்சு ஓடிவந்தது. "நாலும் இருக்கு, அக்கா! நாலும் பத்திரமா இருக்கு!"

"ஒரு பூகூட விழல, பஞ்சு."

"எப்படிக்கா விழும்? நீங்க கத்தினா நாங்க ஓடுவோம். நின்னு பூ போட்டா நரி வாயிலதான் இருப்போம்!"

மஞ்சக்காலி மிதிபட்ட பூக்களைப் பார்த்தது. பிறகு கேட்டது: "மணியா, ஓடித் தப்பிச்சவங்க எத்தனை?"

"அதை என்கிட்ட யாருமே கேட்டதில்லையே!" அணில் விசுக்கென்று ஓடித் திரும்பியது. "எழுபது, அக்கா! ஓணான் மட்டும் இன்னும் அங்கேயே நின்னு தலையாட்டிக்கிட்டிருக்கு!"

எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், எதை எண்ணச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.